பேத்திக்குப் போட்ட முதல் ஊசி

“அம்மா, நான் சாப்பிடுற தட்டைத் தனியா எடுத்து வெச்சுட்டாங்கம்மா.”

2022-ஆம் வருஷம், ஆவணி மாதம். திருச்சியிலிருந்து என் மகள் டெலிபோனில் இப்படிச் சொன்னபோது எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்குத் தலைச்சன். நாலாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. மசக்கைக்காரிக்குப் பிடித்ததைச் செய்துபோட்டுக்கொண்டிருந்த நல்ல மாமியார்தான் அவளுக்கு. என்னடி சண்டையா என்று கேட்டேன். சண்டை எல்லாம் இல்லையாம். கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் ‘ஹெபடைடிஸ் பி பாசிடிவ்’ என்று வந்திருக்கிறதாம். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே மன்னார்குடியிலிருந்து கிளம்பிவிட்டேன். சம்பந்தியம்மா காபி கொடுத்துவிட்டு, பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“தப்பா நினைச்சுக்காதீங்க சம்பந்தி. வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்குதுங்க, அதான் தட்டு, டம்ளரை மாத்தினேன். இது எய்ட்ஸ் மாதிரி பரவுறதாமே? கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணுக்கு...” என்று இழுத்தார்.

அந்த இழுப்பில் இருந்ததை ஒரு பெண்ணைப் பெற்றவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் ஒன்றும் பேசவில்லை. மாப்பிள்ளைதான், “அம்மா, டாக்டர்கிட்ட கேட்டுட்டு அப்புறம் பேசலாம்” என்று எழுந்தார். நாலு பேருமாகப் போனோம்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள். நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு சம்பந்தியைப் பார்த்து, “முதல்ல அந்தப் பொண்ணோட தட்டைத் திரும்பக் குடுங்க. இது தட்டுல ஒட்டாது, டம்ளர்ல ஒட்டாது, பக்கத்துல படுத்தா ஒட்டாது. இருமினாலும், கொசு கடிச்சாலும் வராது” என்றார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பி, நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒரு கேள்வியைக் கேட்டார்கள்.

“அம்மா, நீங்க என்னைக்காவது இந்த டெஸ்ட் எடுத்துப் பாத்திருக்கீங்களா?”

எனக்கு என்ன? நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்றேன். இருந்தாலும் அன்றைக்கே ரத்தம் கொடுத்தேன். எனக்கும் பாசிடிவ்.

என் மகள் எங்கேயும் போய் வாங்கி வரவில்லை, சகோதரிகளே. 1996-ல் அவளைப் பெற்றபோது நானே என்னையறியாமல் கொடுத்தனுப்பிய சீதனம் அது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் மனத்தின் ஒரு மூலையில், சம்பந்தியின் அந்த இழுப்புக்குப் பதில் கிடைத்துவிட்டதே என்று ஒரு நிம்மதியும் இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது.

நம் வீடுகளில் மஞ்சள் காமாலை என்றாலே ஒரே வியாதி என்றுதான் நினைப்பு. அப்படி இல்லை. ஈரலைத் தாக்குகிற வைரஸ் கிருமிகள் பல உண்டு. ‘ஏ’, ‘ஈ’ என்கிற இரண்டும் கெட்டுப்போன தண்ணீர், சுத்தமில்லாத பண்டங்கள் மூலம் வயிற்றுக்குள் போகிறவை. கண் மஞ்சளாகும், சோறு பார்த்தால் குமட்டும், பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குணமாகிவிடும். (கர்ப்பிணிகளுக்கு மட்டும் ‘ஈ’ மிகவும் பொல்லாதது.) ‘பி’ என்பது வேறு ஜாதி. அது ரத்தத்தின் வழியாகவும் உடலுறவின் வழியாகவும் பரவுகிறது. பிரசவ சமயத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத் துளியில்கூட ஏழு நாள் வரை உயிரோடு இருக்கக்கூடியது.

இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விசித்திரம் உண்டு. வளர்ந்த மனிதருக்கு இந்தக் கிருமி வந்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடம்பே போராடி விரட்டிவிடும். பிறக்கும்போதே வந்தால், பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு அது போகவே போகாது. பச்சைக் குழந்தையின் உடம்புக்கு அதை எதிரி என்று அடையாளம் தெரிவதில்லை. வீட்டுப் பிள்ளை மாதிரி ஈரலிலேயே தங்கிவிடுகிறது. காய்ச்சல் இல்லை, காமாலை இல்லை, ஒரு வலி இல்லை. படித்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, எல்லாம் நடக்கும். முப்பது, நாற்பது வருஷம் கழித்து ஈரல் சுருங்கிப்போயோ, புற்று வைத்தோதான் வெளியே தெரியும். கவனிக்காமல் விட்டால், குழந்தைப் பருவத்தில் தொற்றியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்தக் கதி என்று டாக்டரம்மா சொன்னார்கள்.

அப்போதுதான் எனக்கு என் அண்ணன் நினைவு வந்தது.

2009-ல் நாற்பத்தாறு வயதில் போய்விட்டார். வயிறு வீங்கி, கால் வீங்கி, கடைசியில் ஈரலில் புற்று என்றார்கள். அண்ணன் வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. ஆனால் ஊர் என்ன சொல்லிற்று தெரியுமா? “ஈரல் கெட்டுப்போச்சுன்னா குடிக்காமலா? மறைச்சுக் குடிச்சிருப்பான்.” சாவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே சொன்னார்கள். அண்ணியின் காதில் விழுகிற மாதிரி. அண்ணிக்கே ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்துவிட்டது என்று பின்னால் என்னிடம் சொல்லி அழுதாள்.

டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். “இப்ப நிச்சயமா சொல்ல முடியாதும்மா. ஆனா உங்களுக்கும் இருக்கு, கூடப் பிறந்தவருக்கு இப்படி ஆயிருக்கு. உங்க அம்மாகிட்டேயிருந்து ரெண்டு பேருக்குமே வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு” என்றார்கள். எங்கள் அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு எப்படி வந்ததோ! எங்கள் ஊர்க் கம்பவுண்டர் ஒரு எவர்சில்வர் டப்பாவில் கண்ணாடி சிரிஞ்சைப் போட்டு ஸ்பிரிட் அடுப்பில் வைப்பார். கூட்டம் இல்லாத நாளில் நன்றாகக் கொதிக்கும். கூட்டமான நாளில் வெந்நீரில் ஒரு முக்கு, அடுத்த ஆளுக்கு ஒரு குத்து. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தக் கிருமியே 1960-களில்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது. ஆனால் இன்றைக்கும் அந்தத் தப்பைச் செய்கிறவர்களை மன்னிக்க முடியாது. 2009-ல் குஜராத்தில் மொடாசா என்ற ஊரில் ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவர்களுக்கும் போட்டதால் இந்தத் தொற்று பரவிப் பலர் இறந்துபோனார்கள். ஊசி போட்டுக்கொள்ளும்போது, புதுப் பொட்டலத்தை நம் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லிக் கேட்க ஒருநாளும் கூச்சப்படாதீர்கள்.

வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை நடந்தது. என் வீட்டுக்காரருக்குத் தொற்று வந்து தானாகவே குணமாகி, எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருந்தது. அவருக்கே தெரியாது! என் மகனுக்குத் தொற்று இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த ஒன்றுக்கு உண்டு, ஒன்றுக்கு இல்லையா என்று கேட்பீர்கள். தாயின் ரத்தத்தில் கிருமி மிகுதியாக இருக்கிற சமயத்தில் பிறக்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து மிகவும் அதிகம். அளவு குறைந்திருந்தால் தப்பித்துக்கொள்வதும் உண்டு. மாப்பிள்ளைக்கும் இல்லை. மகனும் மாப்பிள்ளையும் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். முதல் நாள் ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று என்று மூன்று. அண்ணியிடமும் அவள் பிள்ளைகளிடமும் நானே போய் விஷயத்தைச் சொல்லிப் பரிசோதனைக்கு அனுப்பி வைத்தேன்.

கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் வாசகிகள் என்னை விடமாட்டார்கள். என் சம்பந்தியும் விடவில்லை. மறுநாளே ஒரு கட்டு கீழாநெல்லி பறித்து வந்து, அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுக்கத் தயாராக நின்றார். எங்கள் பாட்டி கொடுக்காத கீழாநெல்லியா? காமாலை வந்த பிள்ளைகளுக்கெல்லாம் அதுதான், உப்பில்லாப் பத்தியத்தோடு. எல்லோரும் பிழைத்தார்கள். தானாகவே குணமாகிற காமாலைக்கு எதைக் கொடுத்தாலும் குணமாகத்தானே செய்யும் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

ஆனாலும் இதைப் பாட்டி வைத்தியம் என்று யாரும் ஒதுக்கிவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் முதலானோர் கீழாநெல்லியை முறையாக ஆராய்ந்தார்கள். அவர்களோடு சேர்ந்து வேலை செய்தவர் யார் தெரியுமா? ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்த அமெரிக்கர் பாருக் பிளம்பெர்க்கே! 1988-ல் ‘லான்செட்’ பத்திரிகையில் முடிவு வெளிவந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு தாய்லாந்து, நியூசிலாந்து முதலிய இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே கீழாநெல்லியை நம்பிப் பரிசோதனையையும் மருந்தையும் விட்டுவிடக் கூடாது, கர்ப்பிணிக்கு எந்தப் பச்சிலையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மந்திரிப்பதும், கையில் சூடு போடுவதும் எங்கள் பக்கத்தில் இன்னும் ஒழிந்தபாடில்லை. அதைப் பற்றிப் பேசவே எனக்குப் பிடிக்கவில்லை.

பிளம்பெர்க் கிருமியைத் தேடிப் போகவே இல்லை என்பதுதான் வேடிக்கை. பல நாட்டு மக்களின் ரத்தத்தில் என்னென்ன வித்தியாசம் என்று பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் ஒரு புதுப் பொருள் தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டே போனதில் கிருமி அகப்பட்டது. 1976-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். 1981-ல் அமெரிக்காவில் முதல் தடுப்பூசி வந்தது. அது நோய்வாய்ப்பட்டவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்துச் சுத்தம் செய்தது. 1986-லிருந்து அந்த வம்பும் இல்லை. ரொட்டி மாவைப் புளிக்க வைக்கிறோமே, அந்த ஈஸ்டிலேயே மருந்தை உண்டாக்குகிறார்கள். நம் நாட்டில் 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் அப்படித் தயாரித்து வெளியிட்ட பிறகுதான் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுகிற மாதிரி இறங்கியது. பிளம்பெர்க்கின் பிறந்த நாளான ஜூலை 28-ஐத்தான் உலக ஹெபடைடிஸ் தினமாக வைத்திருக்கிறார்கள். 1996-ல் பிறந்த என் மகளுக்கு ஆஸ்பத்திரியில் இந்த ஊசி போடவில்லை. தடுப்பூசி அட்டவணையில் அப்போது இது கிடையாது. நாடு முழுவதற்கும் வந்தது 2011-ல்தான். அதற்கு முன் பிறந்தவர்களில் பலர், தனியாகப் போட்டுக்கொண்டிருந்தால் ஒழிய, தடுப்பூசிப் பாதுகாப்பு இல்லாதவர்களே.

சரி, பிரசவத்துக்கு வருவோம்.

என் மகளின் ரத்தத்தில் கிருமியின் அளவு மிகவும் அதிகமாக இருந்தது. ஆகவே 28-வது வாரத்திலிருந்து தினம் ஒரு ‘டெனோஃபோவிர்’ மாத்திரை கொடுத்தார்கள். இது கிருமியை அடியோடு ஒழிப்பதில்லை, அடக்கி வைக்கிறது. பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. வளைகாப்பு முடிந்து என் வீட்டுக்கு வந்தபோது டாக்டரம்மா ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பிறந்ததும் குழந்தைக்கு இரண்டு ஊசி. ஒன்று தடுப்பூசி, இருபத்துநாலு மணி நேரத்துக்குள். இன்னொன்று ‘இம்யூனோகுளோபுலின்’, கூடுமானவரை பன்னிரண்டு மணி நேரத்துக்குள். ஒன்று இந்தத் தொடையில், மற்றது அந்தத் தொடையில். தடுப்பூசி குழந்தையின் உடம்புக்குப் போராடக் கற்றுக்கொடுக்கிறது. அது கற்றுக்கொள்கிறவரை, கடன் வாங்கிய எதிர்ப்புச் சக்தியாக மற்றது காவல் நிற்கிறது. இம்யூனோகுளோபுலின் எல்லாக் கடையிலும் கிடைக்காது, விலையும் அதிகம். மாப்பிள்ளை திருச்சியில் முன்னதாகவே வாங்கி, ஐஸ் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்து, பிரசவ ஆஸ்பத்திரி ஃபிரிஜ்ஜில் ஒப்படைத்தார். (ஃபிரிஜ்ஜில் வைக்க வேண்டும், ஆனால் உறைந்துவிடக் கூடாது. உறைந்த தடுப்பூசிக்கு வீரியம் போய்விடும்.)

மாசி மாதம், ஒரு சனிக்கிழமை ராத்திரி 11.40-க்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். எல்லோரும் குழந்தை யார் ஜாடை என்று பார்த்துக்கொண்டிருக்க, நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸிடம் போய்க் காகிதத்தைக் காட்டினேன்.

“குழந்தை டாக்டர் திங்கக்கிழமைதாம்மா வருவாரு. வந்ததும் போட்டுக்கலாம். தடுப்பூசிதானே, என்ன அவசரம்?” என்றாள் அந்தப் பெண். கெட்டவள் இல்லை. இருபது பிரசவம் பார்த்த களைப்பு அவளுக்கு.

திங்கட்கிழமை என்றால் முப்பத்திரண்டு மணி நேரத்துக்கு மேல். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு தைரியம் வந்ததோ! “பெரியம்மா சொல்றேன்னு கோவிச்சுக்காதம்மா. எங்க டாக்டரம்மாவுக்கு ஃபோன் போடறேன், நீ பேசு” என்று நடுராத்திரியில் திருச்சிக்கு ஃபோன் போட்டுவிட்டேன். டாக்டரம்மா தூக்கத்திலிருந்து எழுந்து பேசினார்கள். நர்ஸ் மறுபேச்சுப் பேசவில்லை. ரத்தக் கறையைத் துடைத்து, சுத்தம் செய்து, ஒன்றரை மணிக்குள் இரண்டு தொடையிலும் ஊசி போட்டாயிற்று. குழந்தை வீறிட்டு அழுதது. எனக்கு அந்த அழுகை நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

விடிந்ததும் அடுத்த பிரச்சினை. தாய்ப்பால் கொடுக்கலாமா? “பால்ல போயிடாதா? டப்பாப் பால் குடுத்துடலாமே” என்று சம்பந்தி தவித்தார். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், அதனால் இந்த நோய் பரவுவதில்லை. காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் மட்டும் ஆறுகிறவரை அந்தப் பக்கம் கொடுக்க வேண்டாம். ஆறு வாரம், பத்து வாரம், பதினாலு வாரத்தில் மற்ற தடுப்பூசிகளோடு சேர்த்துப் போடுகிற ஐந்து நோய் ஊசியிலும் இந்த மருந்து அடங்கியிருக்கிறது. அதில் ஒன்றையும் தவறவிடவில்லை.

இப்போது வீட்டில் என்ன கவனம் என்று என்னைக் கேட்கிறவர்கள் அதிகம். சமையல் நான்தான் செய்கிறேன். பேத்தியை மடியில் போட்டுக் கொஞ்சுகிறேன், முத்தம் கொடுக்கிறேன். பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, சவரக் கத்தி இவற்றை மட்டும் யாரும் பகிர்ந்துகொள்வதில்லை. முள் எடுக்க என் தாலிச் சரட்டு ஊக்கை முன்பெல்லாம் ஊரே வாங்கும், இப்போது கொடுப்பதில்லை. அரிவாள்மணையில் விரல் பட்டுவிட்டால் உடனே பிளாஸ்திரி. தரையில் ரத்தம் சிந்தினால் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டுத் துடைக்கிறேன். பேத்திக்குக் காது குத்தியபோது ஆசாரியிடம் புது ஊசி என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். மொட்டைக்கும் புது பிளேடுதான். பச்சை குத்திக்கொள்ளும் பிள்ளைகளிடமும் இதையேதான் சொல்கிறேன்.

உலகச் சுகாதார நிறுவனம் 2022-ஆம் வருஷத்துக்குப் போட்ட கணக்கில், நம் நாட்டில் மட்டும் 2 கோடியே 98 லட்சம் பேருக்கு இந்த நாள்பட்ட தொற்று இருக்கிறது. பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது, நான் ஐம்பத்து மூன்று வயது வரை இருந்த மாதிரி. 2018-லிருந்து அரசின் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் கேட்டால் வழி சொல்வார்கள். பாசிடிவ் என்று வந்த எல்லோருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. கிருமியின் அளவு, ஈரலின் நிலை இரண்டையும் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். ஆரம்பித்த மாத்திரையை நாமாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. ஒரேயடியாக ஈரல் வீங்கி உயிருக்கே வந்துவிடலாம்.

2023 டிசம்பரில், பத்து மாதக் குழந்தைக்கு ரத்தம் எடுத்தோம். ரிசல்ட் வர இரண்டு நாள். சம்பந்தி திருச்சியிலிருந்து வந்து என் வீட்டிலேயே தங்கிவிட்டார். அந்த இரண்டு நாளும் நாங்கள் இருவரும் எதைப் பற்றியும் பேசிக்கொள்ளவில்லை. கீரை ஆய்ந்தோம், பூத் தொடுத்தோம். மூன்றாம் நாள் காலை மாப்பிள்ளை ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே வாசலிலிருந்து உள்ளே வந்தார். கிருமி இல்லை. எதிர்ப்புச் சக்தி நன்றாக உண்டாகியிருக்கிறது.

சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். “அன்னைக்கு அந்தத் தட்டை...” என்று ஆரம்பித்தார். விடுங்க சம்பந்தி என்றேன். அவரும் மூன்று ஊசி போட்டுக்கொண்டுவிட்டார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எனக்கு ஈரல் கொஞ்சம் இறுகியிருப்பதாகச் சொல்லி, அந்த மாத்திரையைத் தினமும் ராத்திரி சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஸ்கேன். அண்ணனுக்கு ஒரு தரமாவது எடுத்திருந்தால் என்று ஒவ்வொரு தடவை படுக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன். அடுத்த ஸ்கேனுக்கு வரும் வெள்ளிக்கிழமை போக வேண்டும். மகளையும் அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறேன். குழந்தையைச் சம்பந்தி பார்த்துக்கொள்வார்.